பொடிசுப் போர்வைகள்

ஆஸ்பத்திரியிலிருந்து மருமகள் வெறுங்கையோடு வீடு திரும்பிய நாளிலிருந்து, அந்த வீட்டில் ஓய்வில்லாமல் ஓடியது தையல் மெஷின் ஒன்றுதான்.

மற்றதெல்லாம் நின்றுபோயிருந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான மகன் வேலைக்குப் போனான், வந்தான், தூங்குவதுபோல் படுத்துக்கொண்டான். மருமகள் தன் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு இன்னும் திரும்பவில்லை. "மெதுவா வாங்க" என்று முதலாளி சொல்லியிருந்தார். எவ்வளவு மெதுவாக என்று அவளுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது.

ஆறாம் மாதம் முடிவதற்குள் வந்துவிட்ட பெண் குழந்தையைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. மயக்கம் தெளிந்தபோது கணவன் அவள் காதருகே குனிந்து, "பொறக்கும்போதே உசிர் இல்ல" என்று மட்டும் சொன்னான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

மாமியாருக்கு அழத் தெரியாது. தைக்கத் தெரியும். தெருவே 'டெய்லரம்மா' என்று கூப்பிடும் அந்த அம்மாள், வாடிக்கையாளர்களின் துணியில் மிஞ்சும் துண்டுகளைச் சேர்த்து, நடுவில் மெல்லிசாகப் பஞ்சு வைத்து, ஒட்டுப்போர்வை தைப்பவர். விற்பதற்கல்ல. பல வருஷமாக அந்த ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவுக்குக் கொடுத்து வருகிறார். பெரிசு, நடுத்தரம், பொடிசு என்று மூன்று அளவு. பொடிசு என்றால் கைக்குட்டைக்குக் கொஞ்சம் அண்ணன். குறைமாதக் குழந்தைகளுக்கு.

அந்தப் பொடிசில் அவருக்கு ஒரு பழக்கம். பள்ளிக்கூடச் சட்டை தைப்பவர்கள் மடிப்புக்குள் துணி விட்டுத் தைப்பார்கள் அல்லவா, பிள்ளை வளர்ந்தால் பிரித்துவிடலாம் என்று? அதேபோல் போர்வையின் ஓரத்தையும் நாலு விரல் அகலத்துக்கு உள்ளே மடக்கி, லேசாக ஓட்டுத்தையல் போட்டு வைப்பார். "வளர்ற குழந்தைடி. ஒரே மாசத்துல காலு வெளிய வந்துடும். பிரிச்சு விட்டா ஒரு வருஷம் ஓடும்" என்பார். உலகத்தில் வேறு யாரும் போர்வைக்கு அப்படித் தைப்பதில்லை.

அதனால்தான் மருமகளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தபோது, முகத்தைப் பார்க்கும் தைரியம் வருமுன் அவள் விரல் அந்த ஓரத்தைத்தான் தொட்டது. தடித்த மடிப்பு. அத்தையின் தையல். பொடிசுப் போர்வைகள் எந்தக் குழந்தைகளுக்குப் போகின்றன என்பது அந்த நிமிடம் அவளுக்குப் புரிந்தது. ஒரு காலில் மாவுக்கட்டோடு அப்போது வீட்டில் கிடந்த மாமியாருக்கு அது தெரியாது. கணவன் போர்வையைக் கவனித்திருக்க மாட்டான். அவள் அதை வாயைத் திறந்து சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அந்த மெஷின் சத்தம் நின்றுவிட்டால் அத்தைக்கு என்ன மிஞ்சும்?

இன்று போர்வைகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நாள்.

"அம்மா, இப்படியே தைச்சுக்கிட்டிருந்தா ஊர்ல ஒரு தலையணையிலயும் பஞ்சு மிஞ்சாது" என்றபடி காலையிலேயே வந்து இறங்கினாள் நாத்தனார். பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு சொல்லும் வேலை அவளுக்கு. மைக்கை அணைத்தாலும் வாய் அணையாது. வீட்டில் அவள் பெயர் ரேடியோ.

"நீ வாயை மூடிக்கிட்டு அந்த மூட்டையைக் கட்டு."

"ரெண்டையும் ஒரே நேரத்துல செய்யற வித்தை எனக்குத் தெரியாதும்மா. அண்ணி, எழுந்துட்டீங்களா? டீ போடட்டுமா? நான் போட்டா வெந்நீருக்குச் சாயம் ஏத்தின மாதிரி இருக்கும். பரவாயில்லையா?"

"நானே போடறேன்" என்றாள் மருமகள்.

"அப்பாடா. தப்பிச்சேன்."

மாமியார் தரையில் போர்வைகளைப் பரப்பி, நூல் பிசிறு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிசு கொஞ்சம், நடுத்தரம் கொஞ்சம். பொடிசுதான் குவியலாக இருந்தது.

"நர்ஸம்மா போன்ல கேட்டாங்க, பொடிசு எவ்வளவு இருந்தாலும் குடுங்கன்னு. பாரு, எங்க காலத்துல இந்த அளவுல பொறந்தா பொழைக்காதும்பாங்க. இப்ப எல்லாத்தையும் காப்பாத்திடறாங்க போல..."

சொல்லிவிட்டுத்தான் சமையலறை வாசலில் மருமகள் நிற்பதைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். ரேடியோவுக்கே ஒலிபரப்பு நின்றுபோனது.

"டீ ஆறிடும் அத்தை" என்று தம்ளரை நீட்டினாள் மருமகள்.

மாமியார் அதை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தார். "இன்னிக்கு நர்ஸம்மாகிட்ட ஒண்ணு கேக்கப் போறேன்."

"என்னது?" என்றாள் ரேடியோ.

"இத்தனை வருஷமா குடுக்கறேன். ஒரு தடவைகூட எந்தக் குழந்தை மேலயும் கிடந்து பாத்ததில்ல. ஒரே ஒரு பொடிசு என் போர்வையைப் போத்திக்கிட்டுத் தூங்கறதை இன்னிக்குக் கண்ணால பாத்துட்டு வந்துடணும்." குரல் கொஞ்சம் இறங்கியது. "அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் வரும்னு தோணுது."

மருமகள் குனிந்து, குவியலின் மேலே கிடந்த பொடிசை எடுத்து மறுபடி மடித்தாள்.

"நல்லாக் கேளு. நானும் கூடத்தானே வர்றேன்" என்று ரேடியோ சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. மாற்று ஆள் வரவில்லையாம், உடனே மைக்குக்கு வர வேண்டுமாம். "நான் இல்லாட்டி ஒரு பஸ்ஸும் கிளம்பாதாம்மா. இந்த ஊரே என் தொண்டையிலதான் ஓடுது" என்று முனகிக்கொண்டே செருப்பைத் தேடினாள்.

"போ. நான் தனியாப் போய்க்கறேன்."

"நான் வர்றேன் அத்தை."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணி, அந்த ஆஸ்பத்திரிக்கா? உங்களுக்கு என்ன தலையெழுத்து? கிளம்பறேன்னா சும்மா கடைத்தெரு பக்கம் போயிட்டு வாங்களேன்."

"மூட்டை கனமா இருக்கு. அத்தைக்குக் கால் இன்னும் சரியாகல."

மாமியார் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், தன் குடையைத் தேடி எடுத்து அவள் கையில் கொடுத்தார். வெயில் பட்டால் அவளுக்குத் தலை சுற்றும் என்று.

பஸ்ஸில் மடியில் மூட்டையை வைத்துக்கொண்டு மருமகள் யோசித்ததெல்லாம் ஒன்றுதான். நர்ஸை முதலில் பிடித்துவிட வேண்டும். அத்தை வாயைத் திறக்குமுன் தனியாக ஒரு வார்த்தை. 'உள்ளே யாரையும் விடமாட்டோம்'னு சொல்லிடுங்க. அவ்வளவு போதும்.

ஆனால் நடந்தது வேறு. குழந்தைகள் பிரிவின் கோடியில் இருந்த சாமான் அறைக் கதவைத் தட்டியதும் தலைமை நர்ஸே வந்து திறந்தார். பருத்த உடம்பு, களைத்த கண்கள், காதோரம் செருகிய பேனா. "வாங்க டெய்லரம்மா" என்று சிரித்தவர், பின்னால் மூட்டையோடு நின்றவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இது..."

"என் மருமக" என்றார் மாமியார். "தெரியுமா?"

"பாத்திருக்கேன்." நர்ஸின் கண் மருமகளிடம் போய், மூட்டைக்குப் போய், மாமியாரிடம் திரும்பியது. "உங்க மருமகள்னு தெரியாது."

"இங்கதான் சேத்திருந்தோம். கொடுத்து வைக்கல. விடுங்க." மாமியார் முடிச்சை அவிழ்த்துப் போர்வைகளை மேஜைமேல் அடுக்கத் தொடங்கினார். மருமகள் நர்ஸைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள். வேண்டாம், சொல்லாதீர்கள். நர்ஸுக்குப் புரிந்தது. இமையைத் தாழ்த்தினார்.

"நர்ஸம்மா, இந்த ஓரத்தைப் பாருங்க. உள்ள துணி விட்டிருக்கேன். வீட்டுக்குப் போனதும் பிரிச்சுக்கச் சொல்லுங்க. சொல்றீங்களா?"

"சொல்றேம்மா."

"யாராவது வந்து, பிரிச்சேன், நல்லா நீளமா வந்துச்சுன்னு சொல்லியிருக்காங்களா?"

நர்ஸ் மேஜை விளிம்பைத் துடைத்தார். அங்கே தூசி எதுவும் இல்லை. "போனவங்க யாரும் திரும்ப இந்தப் பக்கம் வர்றதில்லம்மா."

"அதுவும் சரிதான். ஆஸ்பத்திரிக்கு எவ ஆசைப்பட்டு வருவா?" என்று சிரித்த மாமியார், அதே மூச்சில், உள்ளே போய் ஒரு குழந்தையைப் பார்க்கலாமா என்று கேட்டுவிட்டார். நர்ஸ் முடியாது என்றார். கிருமி என்றார், விதி என்றார், பெரிய டாக்டர் திட்டுவார் என்றார். வாடிக்கையாளரிடம் நாள் தள்ளிச் சொல்லியே பழகியவர் டெய்லரம்மா. சாக்கு எது, காரணம் எது என்று அவருக்குத் தெரியும்.

"தொடமாட்டேன். மூச்சுக்கூட விடமாட்டேன். கண்ணாடிக்கு வெளிய நின்னு எட்டிப் பாக்கறேன். அதுக்குமா விதி?"

"அத்தை, போயிடலாம். எனக்குத் தலை சுத்துது."

"நீ இங்கயே உக்காரும்மா. உன்னை நான் அங்க கூப்பிடமாட்டேன். தோ, ஒரே நிமிஷம்." சொல்லிக்கொண்டே நொண்டி நொண்டி நடைவழியில் இறங்கிவிட்டார். நர்ஸ் பின்னாலேயே ஓடினார்.

மருமகள் வாசலோடு நின்றாள். நடைவழியின் மறுமுனையில் கண்ணாடிச் சுவர். அதன்முன் மாமியாரின் முதுகு. நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி, இரு கைகளையும் கண்ணோரம் வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தார். தலை இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்தது. பிறகு வலமிருந்து இடமாக. மறுபடியும் இடமிருந்து வலமாக.

திரும்பி வந்தபோது அந்த முகத்தில் கேள்வி மட்டும் இருந்தது.

"ஒருத்தர் மேலயும் போர்வை இல்லையே."

"சூடு குடுக்கற பெட்டிம்மா அது. போர்வை தேவைப்படாது" என்றார் நர்ஸ்.

"எல்லாம் வெறும் உடம்பா கிடக்குது. மூக்குல குழாய், நெஞ்சுல வயரு. என் போர்வையைப் போட்டா அந்த வயரெல்லாம் எப்படி வெளிய வரும்? அளவெடுக்காம ஒரு சட்டைகூடத் தைச்சதில்ல நான். இதுக்கு ஒரு தடவை வந்து பாக்கணும்னு தோணலையே." மேஜைமேல் இருந்த பொடிசைக் கையில் எடுத்தார். "அப்ப இதெல்லாம் எங்க போகுது?"

நர்ஸ் மருமகளைப் பார்த்தார். ஒரு கணம்தான். மாமியார் அந்தப் பார்வையைப் பிடித்துவிட்டார்.

"என்னத்துக்கு அவளைப் பாக்கறீங்க?"

"அத்தை, முதல்ல உக்காருங்க."

"உக்கார வேணாம். சொல்லு."

எத்தனையோ இரவு மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது கைகொடுக்கவில்லை. "நம்ம பாப்பாவுக்கும் உங்க போர்வைதான் அத்தை" என்றாள்.

மாமியார் கையிலிருந்த பொடிசை மேஜைமேல் வைத்தார்.

"என்ன துணி?"

"மஞ்சள்ல சின்னச் சின்னக் குடை போட்டது. சுத்தி நீல ஓரம்."

"பேக்கரிக்காரர் பொண்ணு கவுன்ல மிச்சம்" என்றார் மாமியார். பேச்சு யாரிடமோ போவதுபோல் இருந்தது. "நீ அப்ப மூணாம் மாசம். வாந்தி எடுத்துட்டு வந்து உக்காந்து, எனக்கு ஊசில நூல் கோத்துக் குடுத்தே. அந்தப் போர்வைக்கு."

மருமகளுக்கு அது நினைவில்லை. நூல் கோத்துக் கொடுத்ததெல்லாம் எத்தனையோ தடவை. எந்தப் போர்வைக்கு என்று யார் பார்த்தார்கள்?

"பொழைக்காத குழந்தைங்களுக்குத்தான் இந்த அளவு பொருந்தும்மா" என்றார் நர்ஸ் தாழ்ந்த குரலில். "எங்ககிட்ட இருக்கறதெல்லாம் பெரிய துண்டு. அதுல சுத்திக் கையில குடுத்தா துணிதான் தெரியும், குழந்தை தெரியாது. உங்க போர்வை வந்தப்புறம்தான் பெத்தவங்க தூக்கி வச்சுக்கறாங்க. தைக்கறவங்ககிட்ட நாங்க சொல்றதில்ல. சொன்னா யாரு தைப்பாங்க?"

"அப்ப நான் இத்தனை காலமா பொணத்துக்கா தைச்சேன்?" மாமியாரின் குரல் நடைவழி முழுக்கக் கேட்டது. "வளரும்னு சொல்லி உள்ள துணி வேற விட்டேனே! என்னை மாதிரி ஒரு முட்டாள் உண்டா? கேட்டவங்க சிரிச்சிருக்க மாட்டாங்க?"

பொடிசுகளை வாரி மூட்டைக்குள் திணிக்கத் தொடங்கினார். மடிப்புக் கலைந்தது, ஒன்றிரண்டு கீழே விழுந்தன. மருமகள் பிடிக்கப் போன கையைத் தட்டிவிட்டார். "இனி ஒண்ணுகூடத் தரமாட்டேன். மெஷினையே வித்துடறேன்."

நர்ஸால் அதைத் தாங்க முடியவில்லை. முன்னால் வந்து மாமியாரின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. பொணத்துக்கில்ல. உங்க பேத்தி அதுக்குள்ள உசிரோட இருந்துச்சு. பொறந்ததும் நான்தான் அந்த மஞ்சள் போர்வையில சுத்தினேன். நுரையீரல் சரியா வரல, எதுவும் செய்யறதுக்கில்லைன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா உடம்பு கதகதன்னு இருந்துச்சு. உங்க பையன் கீழ வைக்கவே இல்ல. வெளிய கைய நீட்டி அவர் சட்டைப் பொத்தானைப் பிடிச்சுக்கிச்சு. விரல் இத்துணூண்டு. அது குளிர்ல போகலம்மா. சத்தியமாச் சொல்றேன், குளிர்ல போகல."

மாமியார் திணிப்பதை நிறுத்தினார்.

"யாரு?" என்றாள் மருமகள்.

நர்ஸ் திரும்பினார்.

"யாரு பொத்தானைப் பிடிச்சா?"

நர்ஸின் முகம் வெளுத்தது. "உங்க வீட்டுக்காரர்... உங்ககிட்ட சொல்லலையா?"

சற்று முன்பு வரை மாமியாருக்குத் தெரியக்கூடாது என்று மருமகள் காத்துவந்த இடத்தில் இப்போது அவளே நின்றாள். மாமியாருக்கு அது அவளுக்கு முன்பே புரிந்தது. மூட்டையை விட்டுவிட்டு வந்து அவள் தோளைப் பிடித்து, சுவரோரப் பெஞ்சில் உட்காரவைத்தார்.

"எங்கிட்டயும் பொறக்கும்போதே இல்லைன்னுதான் சொன்னான். எனக்குத் தெரியாதும்மா. எனக்கும் தெரியாது."

பிரசவ அறைப் பக்கமிருந்து ஓர் இளம் நர்ஸ் அவசரமாக வந்து, தலைமை நர்ஸின் காதில் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார். போக வேண்டும். ஆனால் கால் நகரவில்லை. கண் மேஜைமேல் மூட்டைக்குப் போனது. கேட்கவும் வாய் வரவில்லை.

மாமியார் அதைப் பார்த்தார். எழுந்துபோய் மூட்டைக்குள் கைவிட்டுத் துழாவி, ஒன்றை எடுத்து, வேண்டாம் என்று வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்தார். பச்சையில் வெள்ளைப் புள்ளி. உதறி மடித்து நர்ஸிடம் கொடுத்தார்.

"இதுல பஞ்சு கொஞ்சம் தூக்கலா வச்சிருக்கேன். சூடு நிக்கும். போங்க."

நர்ஸ் அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். மாமியார் கீழே விழுந்திருந்தவற்றைப் பொறுக்கி, மூட்டையில் மிச்சமிருந்ததையும் எடுத்து, பேசாமல் மறுபடி மேஜைமேல் அடுக்கினார்.

மருமகளின் போன் அடித்தது. கணவன். தினமும் மத்தியானம் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்பான். அவள் சாப்பிட்டேன் என்பாள். அதோடு வைத்துவிடுவார்கள்.

"சாப்பிட்டியா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"என்ன ஒரே சத்தமா இருக்கு? எங்க இருக்கே?"

"ஆஸ்பத்திரியில. அத்தைகூட." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "எவ்வளவு நேரம் இருந்தா?"

யார் என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குப் பின்னால் யாரோ இரும்பை இரும்பால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் ஏதோ சொல்ல, அந்தச் சத்தமும் நின்றது.

"கேக்கறேன்ல. எங்கிட்ட ஏன் சொல்லல? உசிரோட இருக்கறப்பவே என் குழந்தையை என் கண்ணுல காட்டணும்னு உனக்குத் தோணலையா? நான் அங்கதானே கிடந்தேன்? நீ மட்டும் வச்சிருந்து, நீ மட்டும்..."

"காட்டினேன்."

"என்ன?"

"உங்கிட்ட கொண்டுவந்தேன். உன் கன்னத்துக்குப் பக்கத்துலதான் படுக்க வச்சேன். உனக்குப் பாதி மயக்கம். கண்ணைத் திறந்து அவளைப் பாத்தே. சிரிச்சே. அவகிட்ட பேசினே." அவன் குரல் உடைந்து மறுபடி சேர்ந்தது. "அப்புறம் முழுசாத் தெளிஞ்சதும் நீ முதல்ல கேட்டது, 'பொறந்துடுச்சா'ன்னு. உனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லைன்னு அப்பதான் புரிஞ்சுது. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்லுவேன்? நீ அவளைப் பாத்துட்டே, ஆனா உனக்குத் தெரியாதுன்னு எப்படிச் சொல்லுவேன்?"

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். தேடினாள். வெள்ளை விளக்கு ஒன்று. யாரோ காலைப் பிடித்தார்கள். நாக்கில் கசப்பு. அதற்குள் எங்கேயாவது ஒரு முகம், ஒரு மூச்சு, கன்னத்தில் ஒரு சூடு... எதுவும் இல்லை. துடைத்து வைத்த சிலேட்டுபோல் இருந்தது.

மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் மடியில் கையை வைத்தார். "என்னம்மா சொல்றான்?"

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"என்ன பேசினேன்?" என்று கேட்டாள். "அவகிட்ட நான் என்ன பேசினேன்?"

மறுமுனையில் அவன் அழுதுகொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அழுது அவள் கேட்டதில்லை.

"அழாம சொல்லு" என்றாள். "ஒரு வார்த்தை விடாம சொல்லு."